நோவு இல்லாத நோய்

நம்மவர் நோய்களுக்கு இட்டு வழங்கும் பெயர்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். தலையிடி என்கிறோம், வயிற்றுக்குத்து என்கிறோம், பல்லுக்கொதி என்கிறோம். இடியும் குத்தும் கொதியும் வேதனையின் பெயர்களேயன்றி நோயின் பெயர்கள் அல்ல. நோவு கண்டால் நோய் வந்தது, நோவு தணிந்தால் நோய் போயிற்று என்பதே நம் பேச்சு வழக்கினுள்ளே மறைந்து கிடக்கும் கொள்கை. வேறு சில நோய்களின் திறத்தில் இக்கொள்கையை நாம் கைவிட்டுவிட்டோம். இரத்த அழுத்தத்துக்கு நோவு இல்லை; ஆயினும் மாதந்தோறும் அளந்து பார்க்கிறோம். சலரோகத்துக்கும் தொடக்கத்தில் நோவு இல்லை. ஆயினும் வெறுவயிற்றோடு சென்று இரத்தம் கொடுத்துவிட்டு வருகிறோம். வாயின் திறத்தில் மாத்திரம் பழைய கொள்கையே இன்றும் அரசு செலுத்துகிறது. பல் கொதித்தால் வைத்தியசாலை. கொதி அடங்கினால் வீடு.

நீர்வேலிச் செம்மண்ணிலே வாழைத் தோட்டங்களின் நடுவே வளர்ந்தோம் நாம். நமது சிறு பருவத்தில், விடியற்காலையிற் கிணற்றடிக்குச் செல்வோர் கையில் இருப்பதைக் கொண்டே அவர் வயதைச் சொல்லிவிடலாம். முதியோர் கையில் வேப்பங்குச்சி அல்லது ஆலங்குச்சி. நடுத்தர வயதினரின் உள்ளங்கையில் உப்புக் கலந்த உமிக்கரி. பள்ளிப் பிள்ளைகளிடம் தூரிகையும் பற்பசையும். கொழும்பு உத்தியோகத்திலிருந்து விடுமுறைக்கு வந்தவரானால் தூரிகைக்கு ஓர் உறையும் இருக்கும். 1990களிலே குடாநாட்டுக்குப் பொருள்கள் வருவது தடைப்பட்டுச் சவர்க்காரமே அரிதாகிப் பனங்களியால் உடுப்புத் தோய்த்த நாட்களில், வயது வேற்றுமையின்றிப் பலரும் மறுபடி வேம்பின் அடிக்கே சென்றனர்.

கையில் எது இருந்தாலும் செய்யும் காரியத்துக்கு நம்மூரிற் பெயர் ஒன்றுதான்: பல்லு மினுக்குதல். இச்சொல்லைச் சற்றே உற்று நோக்குதல் தகும். குத்துவிளக்கை மினுக்குவதுபோலப் பல்லை மினுக்குகிறோம். பிறர் கண்ணுக்குப் பளிச்சென்று தோன்றும் வெண்மையே குறிக்கோள். பல்லின் அடியைச் சூழ்ந்து அதனைத் தாங்கி நிற்கும் சதையின் நினைவு அச்சொல்லில் இல்லை. அச்சதையைத் தமிழகத்தார் ஈறு என்பர். நாம் முரசு என்போம். பெயரிலே முழக்கம் இருந்தென்ன? நோயுற்றபோது இந்த முரசு ஒலிப்பதே இல்லை.

பண்டிதர்கள் வாழ்ந்த ஊர் நம்முடையது. சங்கர பண்டிதரின் பெயரோடு நீர்வேலியின் பெயரும் சேர்ந்தே வழங்கும். ஆகவே பழைய நூல் ஒன்றை இங்கே நினைத்துக் கொள்வதில் தவறில்லை. பதினெண்கீழ்க்கணக்கைச் சேர்ந்த ஆசாரக்கோவை, காலையிற் கோலினாற் பல் துலக்கிக் கண் கழுவிய பின்னரே தெய்வத்தைத் தொழவேண்டும் என்று விதிக்கின்றது. வாய்த் தூய்மை நம்மிடையே வழிபாட்டின் முன்வாயிலாக இருந்தது என்பதற்கு இது சான்று. அதனாலேதான் போலும், அது காலைக் கடனாக மாத்திரம் நின்றுவிட்டது. இரவில் உண்டபின் பல் துலக்கும் வழக்கத்தை நாம் அறிந்த வீடுகளில் ஒன்றிரண்டிலே கண்டதுண்டு. துயிலும்போது உமிழ்நீர் குறைகின்றது. உமிழ்நீர் குறைந்த வாயிலே கிருமிகளுக்குக் கொண்டாட்டம். எனவே இரவுத் துலக்கலே இரண்டினுள்ளும் இன்றியமையாதது. இறைவனுக்காகச் செய்யும் தூய்மையை உடலுக்காகவும் ஒருமுறை செய்தல் சமய விரோதம் ஆகாது.

இவ்வளவும் நாம் எண்ணத் தொடங்கியது நம் பெரியப்பா ஒருவரை முன்னிட்டு. தபாற் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின், வாழைத் தோட்டமே தஞ்சம் என்று வாழ்ந்து வருபவர். பன்னிரண்டு ஆண்டுகளாகச் சலரோகம். கட்டுப்பாட்டில் அவருக்கு நிகர் அவரே. தேநீருக்குப் பனங்கட்டி கடிப்பதை முதல் நாளே விட்டார். இரவில் குரக்கன் புட்டு. விடியுமுன் பருத்தித்துறை வீதியில் நடை. இருந்தும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்யும் இரத்தப் பரிசோதனை அவருக்குத் திருப்தி தரவில்லை. மாத்திரை கூட்டினார்கள், பயன் சிறிது. பெரியம்மாமீது களவாக இனிப்புக் கொடுக்கிறார் என்ற பழியும் வந்தது. கடைசியில், கிளினிக்குக்குப் புதிதாக மாற்றலாகி வந்த இளம் வைத்தியர் ஒருவர், காலைப் பார்த்துக் கண்ணைப் பார்த்தபின், “ஐயா, ஒருக்கால் வாயைத் திறவுங்கோ” என்றார்.

“பல்லிலை எனக்கொரு கொதியும் இல்லைத் தம்பி” என்றாராம் பெரியப்பா.

கொதி இல்லைதான். ஆனால் கீழ்வாய் முன்பற்கள் இரண்டு ஆடிக் கொண்டிருந்தன. மேல்வாயிலே முன்னர் நெருங்கி இருந்த பற்களுக்கிடையில் இடைவெளி விழுந்திருந்தது. முரசு வீங்கிச் சிவந்து, தொட்ட இடமெல்லாம் உதிரம் கசிந்தது. இவற்றை அவர் அறியாதவர் அல்லர். ஆட்டம் வயதினால் வந்தது என்றும், உதிரம் தூரிகை முரடானதால் வந்தது என்றும் தாமே தீர்ப்புச் செய்து, உதிரம் வரும் பக்கத்தைத் துலக்காமலே விட்டிருந்தார். நம்மில் எத்தனை பேர் இதே தீர்ப்பின்படி நடக்கிறோம்!

பல் ஆடுவதும் விழுவதும் வயதின் வேலை என்னும் எண்ணத்தைச் சோதித்துப் பார்த்த ஆராய்ச்சி ஒன்று நம் நாட்டிலேயே, தமிழர்களிடையே நடைபெற்றது என்பது பலருக்குத் தெரியாது. உலகமெங்கும் பல் வைத்திய மாணவர் பாடமாகப் படிக்கும் ஆராய்ச்சி அது. ஹரால்ட் லோ என்னும் நோர்வே நாட்டு அறிஞரும் அவர்தம் குழுவினரும் 1969இல் ஒஸ்லோ நகரிலே மாணவரும் கற்றோருமாகிய 565 பேரின் வாய்களைப் பரிசோதித்தனர். அவர்கள் இளமை தொட்டே பல் வைத்தியர் கண்காணிப்பில் வளர்ந்தவர்கள். அவர்களுக்கு நேர்மாறாக, பல் வைத்தியத்தின் நிழலும் படாத ஒரு கூட்டத்தார் ஒப்புநோக்கத் தேவைப்பட்டனர். அந்தக் கூட்டத்தாரை ஆராய்ச்சியாளர் கண்டெடுத்த இடம் இலங்கையின் தேயிலைத் தோட்டங்கள். 1970இல் இரண்டு தோட்டங்களைச் சேர்ந்த 480 தமிழ்த் தொழிலாளர், எல்லாரும் இளம் ஆடவர், பரிசோதிக்கப்பட்டனர். அதன்பின் 1985 வரை ஆராய்ச்சியாளர் மீண்டும் மீண்டும் வந்து, ஒவ்வொரு பல்லையும் சுற்றி முரசு எவ்வளவு விலகியிருக்கிறது என்று மில்லிமீற்றர் கணக்கில் அளந்தனர்.

அவர்கள் கண்டது வியப்புக்குரியது. முதலாவதாக, அத்தொழிலாளரிடம் சூத்தைப் பல் ஏறக்குறைய இல்லவே இல்லை. ஆகவே அவர்கள் இழந்த பற்களெல்லாம் முரசு நோயினாலேயே இழக்கப்பட்டவை. சூத்தை இல்லாத, வெளித்தோற்றத்திற் குறையற்ற பற்கள் வேரோடு கழன்று விழுந்தன! இரண்டாவதாக, எல்லாருக்கும் ஒரே விதமாக நோய் முன்னேறவில்லை. நூற்றுக்கு 8 பேருக்கு அது வெகு விரைவாகப் பரவிற்று. அவர்கள் இருபது வயதிலேயே பல் இழக்கத் தொடங்கினர். முப்பத்தைந்து வயதிற் பன்னிரண்டு பற்களும், நாற்பதில் இருபது பற்களும் போயின. நாற்பத்தைந்தில் வாயில் ஒன்றும் எஞ்சவில்லை. நூற்றுக்கு 81 பேருக்கு நோய் மெல்ல நகர்ந்தது. நாற்பத்தைந்து வயதிலே சராசரி ஏழு பற்கள் இழப்பு. மிகுதி 11 பேருக்கோ, அதே தோட்டம், அதே உணவு, அதே துலக்காத வாய். இருந்தும் நோய் முன்னேறவில்லை, பல்லும் விழவில்லை. வயதுதான் காரணமாயின், ஒரே வயதினர் மூவகையாகப் பிரிவானேன்? பரம்பரை உடல்வாகும் கிருமிகளை எதிர்க்கும் ஆற்றலும் ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன. “என்னுடைய பாட்டன் பல்லே மினுக்கவில்லை, எண்பது வயதிலும் கரும்பு கடித்தார்” என்று சொல்வோர் நம்மூரிலும் உண்டு. அந்தப் பாட்டன் பதினொரு பேரில் ஒருவராய் இருந்திருக்கலாம். பேரனும் அவ்வாறே என்பதற்கு உத்தரவாதம் யார் தருவார்?

இந்த ஆராய்ச்சியை நாம் படிக்கும்போதெல்லாம் நன்றியும் மனக்கசப்பும் ஒருங்கே எழுகின்றன. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தினாற் குடியுரிமை இழந்த சமூகத்தார் அவர்கள். ஆராய்ச்சி நடந்த ஆண்டுகள், 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி குடும்பம் குடும்பமாக அம்மக்கள் கப்பலேற்றப்பட்ட ஆண்டுகள். 480 பேரில் 1985ஆம் ஆண்டுப் பரிசோதனைக்கு எஞ்சியவர் 161 பேர். 2010இல் மறுபடி தேடிச் சென்றபோது பரிசோதிக்கக் கிடைத்தவர் 75 பேர். தமக்குப் பல் வைத்தியம் கிடைக்காமையையே மூலதனமாகக் கொண்டு உலகுக்கு ஓர் அறிவைக் கொடுத்தவர்கள் அவர்கள். அளவுகோல் ஏறிச் சென்ற அந்த மலைக்கு ஒரு தூரிகையும் கூடவே ஏறிச் சென்றிருக்கலாகாதா என்று கேட்கத் தோன்றுகிறது. இன்றைய நெறிமுறைப்படி அவ்விதமான ஆராய்ச்சிக்கு அனுமதி கிடைப்பது அரிது. கிடைத்த அறிவையேனும் நாம் பயன்படுத்தாது விடுவோமாயின், அம்மக்களுக்கு இழைத்த குறை இரட்டிப்பாகும்.

நோய் எங்ஙனம் தொடங்குகிறது என்பதையும் அதே லோ என்பவர் முன்னமே காட்டியிருந்தார். 1965இல் வெளிவந்த அச்சோதனை எளிமையானது. டென்மார்க்கிலே, ஆரோக்கியமான முரசுடைய பன்னிரண்டு பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார்கள். பத்து நாள் முதல் இருபத்தொரு நாளுக்குள் பன்னிருவருக்கும் முரசு வீங்கிச் சிவந்துவிட்டது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் வீக்கம் வடிந்தது. மருந்து ஒன்றும் இல்லை. பல்லில் நாடோறும் படியும் கிருமிப் படலமே காரணம், அதனை அகற்றுவதே பரிகாரம் என்பது ஐயந்திரிபற விளங்கிற்று.

அப்படலத்தை அகற்றாது விட்டால் உமிழ்நீரிலுள்ள உப்புக்கள் அதிற் படிந்து கல்லாக இறுகும். பழைய கேத்திலின் அடியிற் படிந்திருக்கும் சுண்ணத்தைப் பார்த்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. நம் கிணற்று நீரின் இயல்பு நமக்குத் தெரியும். அந்தக் கல்லின் கரடான மேற்பரப்பில் மேலும் கிருமிகள் குடியேறும். முரசு பல்லை விட்டு விலகும். இடையிலே ஒரு பை உண்டாகும். பையின் அடியிலே பல்லைத் தாங்கும் எலும்பு சிறிது சிறிதாகக் கரையும். தூரிகை அப்பைக்குள் நுழையாது. நோவும் இருக்காது. ஆண்டுகள் கழியும்.

இங்கேதான் வாய் வேறு உடல் வேறு என்ற எண்ணம் தகர்கின்றது. வாய் முழுவதும் இத்தகைய பைகள் உண்டாகிவிட்டால், அவற்றின் உட்புறத்துப் புண்ணையெல்லாம் சேர்த்து விரித்தால் ஓரிரண்டு சதுர அங்குலமாவது வரும். அந்த அளவான புண் ஒன்று காலில் இருந்தால் சலரோகக்காரர் ஒருவர் என்ன செய்வார்? அன்றைக்கே ஓட்டோ பிடித்து வைத்தியசாலைக்கு ஓடுவார். வீட்டார் தூங்கமாட்டார்கள். அதே புண் வாயிலே பத்து ஆண்டுகள் இருந்தாலும் ஒருவரும் கேட்பதில்லை. மறைவிடத்துப் புண் என்பதால் உடல் அதனை மறந்துவிடுவதில்லை. புண்ணை எதிர்த்துப் போராடும்பொருட்டு உடல் சுரக்கும் பொருள்கள் இரத்தத்தில் கலந்து எங்கும் செல்கின்றன. அவை இன்சுலினின் வேலைக்குத் தடையாகின்றன. இரத்தத்தில் சீனி ஏறுகின்றது. சீனி ஏறிய உடம்பிலோ புண் ஆறுவதில்லை. கிருமியை எதிர்க்கும் வலிமையும் குன்றுகின்றது. முரசு மேலும் கெடுகின்றது. இரண்டு நோயும் ஒன்றுக்கொன்று கைகொடுத்து வளர்கின்றன. 1993இல் லோ எழுதிய கட்டுரை ஒன்றில், கண், சிறுநீரகம், நரம்பு, பெரிய இரத்தக் குழாய்கள், புண் ஆறாமை என ஐந்தாக எண்ணப்பட்ட சலரோகத்தின் விளைவுகளுடன் முரசு நோயை ஆறாவதாகச் சேர்த்தார்.

முரசு நோய்க்குச் சிகிச்சை செய்தாற் சீனி குறையுமா? இதனைப் பற்றிய முப்பதுக்கு மேற்பட்ட சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்த கொக்கிறேன் அமைப்பினரின் 2022ஆம் ஆண்டு அறிக்கை, குறையும் என்றே சொல்கிறது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை எண், பற்களைச் சுரண்டித் துப்புரவு செய்தபின் ஏறக்குறைய 0.4 முதல் 0.5 வரை இறங்குகின்றது. கேட்பதற்குச் சிறிய எண்ணாயினும், புதிதாக ஒரு மாத்திரை சேர்த்தாலும் சிலருக்கு இவ்வளவுதான் இறங்கும். பெரியப்பாவுக்கு நான்கு தடவையாகப் பற்கள் சுத்தம் செய்யப்பட்டன. ஆடிய பற்கள் இரண்டையும் எடுத்தார்கள். அடுத்த பரிசோதனையில் 8.6 ஆக இருந்த எண் 8.0 ஆயிற்று. இதற்கிடையில் மாத்திரையிலும் ஒரு மாற்றம் செய்திருந்தபடியால், புகழ் முழுவதையும் பல் வைத்தியருக்குக் கொடுத்துவிட இயலாது. பெரியம்மாமீது இருந்த பழி தீர்ந்தது என்பது மட்டும் நிச்சயம்.

நல்ல கருத்தும் அளவு கடந்தால் நஞ்சாகும் என்பதற்கு இத்துறையிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1910இல் வில்லியம் ஹண்டர் என்னும் ஆங்கில வைத்தியர் கனடாவின் மொன்றியல் நகரில், வாயிலுள்ள அழுக்கே உடம்பின் பல நோய்களுக்கு மூலம் என்று சொற்பொழிவு ஆற்றினார். அதனைக் கேட்ட வைத்திய உலகம் பல்லின்மேற் போர் தொடுத்தது. மூட்டு வாதமா, பல்லைப் பிடுங்கு. சோர்வா, பல்லைப் பிடுங்கு என்றாயிற்று. அமெரிக்காவில் ட்ரென்டன் நகரத்து மனநோய் வைத்தியசாலை ஒன்றிலே ஹென்றி கொட்டன் என்பவர், பித்தம் தெளியும் என்று நம்பி நோயாளரின் பற்களையெல்லாம் பிடுங்கித் தள்ளினார். பித்தம் தெளியவில்லை. சில பத்தாண்டுகள் கழித்து அக்கொள்கை மதிப்பிழந்தது. இன்றும் முரசு நோயையும் இருதய நோயையும் சேர்த்துப் பேசுவோர் மிகப் பலர். இரண்டும் ஒருவரிடமே அடிக்கடி காணப்படுகின்றன என்பது மெய். ஆனால் முரசைக் குணப்படுத்தினால் மாரடைப்பைத் தடுக்கலாம் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்க இருதயச் சங்கத்தார் 2012இல் தெளிவாக எழுதினர். கர்ப்பிணிகள் திறத்திலும் இதே நிதானம் வேண்டும். கர்ப்ப காலத்தில் முரசு எளிதில் வீங்கும், உதிரம் கசியும். அப்போது பற்சிகிச்சை பெறுவதால் தீங்கு இல்லை. ஆனால் பிள்ளைக்கு ஒரு பல் வீதம் தாய் இழப்பாள், பிள்ளையின் எலும்புக்காகத் தாயின் பல்லிலிருந்து சுண்ணச்சத்துப் போகும் என்று கிழவிகள் சொல்வது வெறுங்கதை. இருதய வால்வு மாற்றியவர்களின் நிலை வேறு. வாயிலிருந்து இரத்தத்தில் நுழையும் கிருமி வால்விற் குடியேறுதல் கூடும். அத்தகையோர் பல் வைத்தியரிடம் தம் நிலையை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

முதியோரைப்பற்றி இரண்டொரு வார்த்தை. நம் ஆச்சிக்கு அறுபது வயதிலேயே பல் ஒன்றும் இல்லை. வெற்றிலையைச் சிறு இரும்புரலில் இடித்துத் தருவது பேரப்பிள்ளைகளாகிய நமது உத்தியோகம். அதனை அக்காலத்தில் விளையாட்டாகவே கொண்டோம். அவர் தட்டில் எவையெவை இல்லை என்பதை இப்போதுதான் எண்ணிப் பார்க்கிறோம். கச்சான் இல்லை, கொய்யா இல்லை, முருங்கைக்காய் இல்லை, இலைக்கறியுங்கூட மசித்தாலன்றி இல்லை. தேநீரில் நனைத்த பிஸ்கற்றும் பாணும் குழைந்த சோறுமே உணவு. பல்லை இழந்தவர் நார்ச்சத்தையும் காய்கனியையும் இழந்து மாவும் சீனியும் உண்ணத் தள்ளப்படுகிறார். கலியாண வீடுகளிலே ஆச்சி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டே சிரிப்பார். பிற்காலத்தில் சிரிப்பதற்குரிய இடங்களுக்குப் போவதையே குறைத்துக் கொண்டார்.

படுக்கையிற் கிடக்கும் முதியோரை உடல் துடைத்து, உடை மாற்றி, அன்போடு பராமரிக்கிறோம், வாயை மறந்துவிடுகிறோம். அந்த வாயிலுள்ள கிருமி, உமிழ்நீரோடு புரையேறி நுரையீரலுக்குப் போகின்றது. யப்பான் நாட்டில் முதியோர் இல்லங்கள் பதினொன்றிலே நடைபெற்று 1999இல் வெளிவந்த ஆராய்ச்சி இதனை நிரூபித்தது. இரண்டு ஆண்டுக் காலத்தில், வாயைச் சுத்தம் செய்யாது வழக்கம்போல விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 19 பேருக்கு நிமோனியாக் காய்ச்சல் கண்டது. ஒவ்வோர் உணவுக்குப் பின்னும் தாதியர் வாயைத் துலக்கி விட்டவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கே கண்டது. பல் உள்ளவர் இல்லாதவர் இரு சாராருக்கும் இந்நன்மை உண்டாயிற்று. பல் இல்லையென்றால் நனைத்த மெல்லிய துணியால் நாக்கையும் முரசையும் துடைத்துவிடலாம். பொய்ப்பற்களை இரவிற் கழற்றி வைத்தல் அவசியம்.

வெற்றிலைத் தட்டத்தைப்பற்றி எழுதினால் சிலர் கோபிப்பர். தட்டம் சபையில் இருக்கட்டும். மங்கலப் பொருளாய் அது இருப்பதை யாரும் தடுக்கவில்லை. வாயில் இருப்பதைப் பற்றியே நம் பேச்சு. புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றுநோய் தரும் என்பது நெடுங்காலம் அறிந்தது. புகையிலை சேராவிடினும் பாக்கு ஒன்றே போதும், அதுவும் புற்றுநோய் தருவதே என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவினர் 2003இல் கூடி முடிவு செய்தனர். இலங்கை ஆடவரிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றே. அதுவும் நோவில்லாமலே தொடங்குகின்றது. கன்னத்தின் உட்புறத்தில் ஒரு வெண்படை, ஒரு செம்படை, மூன்று கிழமையாகியும் ஆறாத ஒரு புண், வாயை முன்போல் அகலத் திறக்க இயலாமை ஆகிய இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் மறுநாளே காட்டவேண்டும். புகையிலை விளைவித்தும் சுருட்டுச் சுற்றியும் வாழ்ந்த நிலம் நம்முடையது. சுருட்டுப் புகைப்போர் ஒன்றை அறிந்திருத்தல் நன்று. புகை, முரசின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி உதிரம் கசிவதைக் குறைத்துவிடுகின்றது. நோய் உள்ளே வளரும்போது இருந்த ஒரே எச்சரிக்கையும் அதனால் அடங்கிவிடும்.

குழந்தைகளின் பாற்பல்லை, விழப்போகும் பல்தானே என்று அலட்சியம் செய்வது நம்மிடையே பெருவழக்கு. பாற்பல் சூத்தையான பிள்ளை இரவில் உறங்காது, சரியாக உண்ணாது, பள்ளியில் மனம் ஊன்றாது. பின்னர் முளைக்கும் பல்லுக்கும் இடம் கோணலாகும். இத்துறையில் நம் நாடு வெட்கப்பட வேண்டியதில்லை. பாடசாலைப் பிள்ளைகளின் பற்களைப் பராமரிப்பதற்கென்றே தாதியரைப் பயிற்றும் நியூசிலாந்தின் முறையைப் பின்பற்றி, கொழும்புத் திட்ட உதவியோடு, 1950களிலேயே மகரகமையில் அத்தகையோர்க்குப் பயிற்சி தொடங்கப்பட்டது. அவ்வாறு பயின்றவர்களைப் பாடசாலைப் பற்சிகிச்சையாளர் என்கிறோம். பள்ளியிலிருந்து துண்டு வந்தால் பெற்றோர் அதனை மேசை இழுப்பறையில் வைத்துவிடாது பிள்ளையை அனுப்ப வேண்டும். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அரிசிமணி அளவும், ஆறு வயது வரை பட்டாணி அளவும் புளோரைட்டுச் சேர்ந்த பற்பசை போதும். விளம்பரத்திற் காண்பதுபோலத் தூரிகை நிறையப் பிதுக்குவது வியாபாரிக்கே நன்மை.

வேப்பங்குச்சி கூடாதா என்று கேட்பார்க்கு: கூடும். நுனியை நன்றாக மென்று நார் மெதுவானபின், பல்லும் முரசும் சேரும் விளிம்பிலே மெல்லத் தேய்த்தால், அது நல்ல தூரிகையே. ஆனால் புளோரைட்டு அதில் இல்லை. உமிக்கரியும் செங்கற்பொடியும் வேறு. அவை பல்லைத் தேய்த்தே விடும். கழுத்துப்புறம் குழிந்து, குளிர்ந்த நீர் பட்டாற் கூசும் பற்களோடு நம் வீடுகளில் எத்தனை பேர்! தூரிகையானால் மென்மையான மயிருடையது வேண்டும். காலையும் இரவும் இரண்டிரண்டு நிமிடம். துலக்கியபின் நுரையைத் துப்பினாற் போதும். செம்பு செம்பாக நீர் விட்டுக் கொப்பளித்தாற் புளோரைட்டு முழுவதும் கழுவுண்டு போகும்.

மாணவர்களாயிருக்கும் வாசகர் இன்றிரவே ஒன்று செய்து பார்க்கலாம். வெளிச்சத்திலே கண்ணாடி முன் நின்று, உதட்டை விலக்கி, உங்கள் முரசைப் பாருங்கள். நம்மவர் முரசிற் கருமை படர்ந்திருப்பது இயற்கை. அது நோய் அன்று. விளிம்பு மெல்லியதாய்ப் பல்லோடு ஒட்டி இருக்கிறதா, அல்லது தடித்துச் சிவந்து பளபளக்கிறதா என்பதே பார்க்க வேண்டியது. துலக்கும்போது உதிரம் வருகிறதா? வந்தால் அந்த இடத்தையே கூடுதற் கவனத்தோடு மெல்லத் துலக்குங்கள். இரண்டு கிழமையாகியும் நிற்காவிடின் பல் வைத்தியரிடம் செல்லுங்கள். அரசாங்க வைத்தியசாலையில் இதற்குக் கட்டணம் இல்லை. பிறகு அதே வெளிச்சத்தில் வீட்டிலுள்ள அப்பாவையும் ஆச்சியையும் வாயைத் திறக்கச் சொல்லுங்கள். கொதி ஒன்றும் இல்லை என்று அவர்கள் சொல்லக்கூடும். சொன்னாலும் பாருங்கள். அவர்களிற் சலரோகம் உள்ளவர் இருந்தால், பல் வைத்தியரிடம் போகும்போது கிளினிக் கொப்பியையும் மறவாது கொண்டுபோகச் சொல்லுங்கள். கடைசியாகச் செய்த இரத்தப் பரிசோதனையின் எண்ணை அவர் முதலிற் கேட்பார்.